இருநூற்றுப் பதினான்காம் முறை

ஓர் ஊர், இரண்டு நாடு.
எஸ்தோனியப் பக்கம் ஒரு வல்கா,
லாத்வியப் பக்கம் ஒரு வல்கா.
அவர்கள் எழுத்தில் ஓர் ஒலி மாறும்.
நம் எழுத்தில் அதுவும் மாறாது,
ஒற்றைக் ககரம் இரண்டு நாட்டுக்கும் போதும்.
நடுவில் ஓர் ஓடை,
எட்டி வைத்தால் கால் நனையாது.

இக்கரையில் சர்மீதே, மருந்துக்கடையில் இரவுப் பணி.
அக்கரையில் தார்வோ, மர ஆலையில் கணக்கு.
நாளுக்கு ஒரு முறைதான் ஆட்டம்.
அவன் காய் நகர்த்தி அனுப்புவான்,
அவள் இருமல் மருந்துக்கும் காய்ச்சல் மாத்திரைக்கும் இடையே
தன் காயை நகர்த்தித் திருப்பி அனுப்புவாள்.
இரண்டு குளிர்காலம் இப்படியே போயிற்று.

நூற்றெண்பதாம் முறையில்
அவனிடம் பதினோரு படையணி, நான்கு கவண்பொறி,
இரும்புச் சுரங்கத்தின் மேல் ஒரு நகரம்.
செத்துப்போன நாயின் பெயரை அதற்கு வைத்திருந்தான்:
மூரி.
அவளிடம் வில்லாளிகள் இரண்டு பேர்,
அதில் ஒருவன் காயம்பட்டவன்.
'இன்னும் இருபது முறை, அப்புறம் நீ இல்லை'
என்று எழுதினான், பக்கத்தில் ஒரு சிரிப்புமுகம்.

அவள் பதில் எழுதவில்லை.
எல்லையோரம் ஒரு நாடக அரங்கம் கட்டினாள்.
அவன் மதில் எழுப்பினான்.
அவள் அரங்கத்துக்குப் பக்கத்தில் நூலகம்,
அதற்குப் பக்கத்தில், காசு மிஞ்சியதால், ஒரு வெந்நீர்க் குளியல்கூடம்.
உழிஞை சூடி அவள் வளைக்கவில்லை,
நொச்சி சூடிக் காக்க அவனுக்கும் தோன்றவில்லை.
இந்தப் போருக்கு
நம் பழைய இலக்கணத்தில் பூவே கிடையாது.

இருநூற்றிரண்டில் அவள் தலைநகரில்
ஒரு பெருங்கவிஞன் பிறந்தான்.
உட்கார்ந்து எழுத விடலாம்,
அல்லது எல்லைக்குக் கொண்டுபோய் வெடிக்க வைக்கலாம்;
ஆட்டம் தருவது இந்த இரண்டு பொத்தான்தான்.
இதை எழுதும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது,
அவளுக்கு உறுத்தவில்லை.
சத்தமே இல்லை.
அவளுடைய பச்சை ஆறு கட்டம் ஊர்ந்து
சுரங்கத்தைத் தின்றது,
அவன் படைகள் அவள் புல்லில் நின்றுகொண்டிருந்தன,
விருந்துக்கு நாள் தவறி வந்தவர்கள் மாதிரி.

இருநூற்றுப் பதினான்கில் திரையில் ஒரு கட்டம்:
மூரி நகரத்து மக்கள் ஆளுநரைத் துரத்திவிட்டார்கள்,
அவள் கொடியை ஏற்றிவிட்டார்கள்.

அன்றிரவு ஓடையைத் தாண்டி வந்தான் தார்வோ.
பூட்ஸில் பனி, மூக்கு சிவந்திருந்தது.
வெறுங்கையோடு சண்டை போடக் கூச்சமாக இருந்ததோ என்னவோ,
தொண்டைக்கு மிட்டாய் ஒரு பொட்டலம் கேட்டான்.
'என் நாயைத் திருப்பிக் கொடு.'
'நான் எடுக்கவில்லை, அதுவாக வந்தது.'
'ஒரு அம்புகூட நீ விடவில்லை.'
'அதைத்தான் நானும் சொல்கிறேன்.'

இதை அவர்கள் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டார்கள்.
வேறு பொதுமொழி இருவருக்கும் இல்லை.
ஆட்டமும் ரஷ்ய மொழியில்தான்,
சந்தையில் யாரோ பிரதி எடுத்து விற்ற வட்டு.
'பண்பாடு' என்ற சொல்லையே
அவர்கள் அந்த மொழியில்தான் சொடுக்கினார்கள்.
படை ஏறிப் போய் முப்பது ஆண்டு ஆயிற்று,
கோட்டை கிடங்காகிவிட்டது.
மிட்டாய்க்குச் சில்லறை எண்ணுகிற வாய் மட்டும்
இன்னும் அந்த மொழியில்தான் எண்ணுகிறது.
சர்மீதேதான் முதலில் அதைக் கவனித்தாள்.
மூன்றாவது நாணயத்தில் நிறுத்தினாள்.
'என்ன?' என்றான்.
'ஒன்றுமில்லை, உன் முறை.'

விடியற்காலை அவள் வீடு திரும்பியபோது
மகன் ரெனார்ஸ் காதில் கருவி மாட்டியபடி
எவனோடோ கத்தி விளையாடிக்கொண்டிருந்தான்.
எதிராளி எந்த ஊர் என்று கேட்டாள்.
'பக்கத்து வல்கா.'
கத்தியது ஆங்கிலத்தில்.

அவள் கோட்டைக் கழற்றவில்லை.
அவன் முதுகுக்குப் பின்னால் நின்று
திரையில் எந்த நிறம் ஊர்கிறது என்று
கொஞ்ச நேரம் பார்த்தாள்.